படத்தில் என்ன இருக்கிறது

"படம்," என்றது வாயாடி. "பார்வையற்ற பெண் ஒருவருக்கு வாழ்க்கை கொடுத்த எங்கள் தலைமை நூலகர், வாசிப்பு நாளன்று தன் மனைவிக்குத் துணையாக நிற்கும் நெகிழ்ச்சியான காட்சி."

மடிக்கணினியில் கீழே இறங்கும் பொத்தானின்மேல் அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. திரையில் ஒரு வரி மேலே ஏறி மறுபடி இறங்கினாள். வாயாடி அதையே மறுபடியும் சொன்னது, அதே வேகத்தில், அதே குரலில். மூன்றாம் முறையும் கேட்டாள். நான்காம் முறை கேட்டபோது காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கிச் சாப்பாட்டு மேசையின்மேல் போட்டாள். மேசையில் கிடந்தபடியே அது கொசு மாதிரி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

வாயாடி என்பது அவளுடைய மடிக்கணினியில் இருக்கும் திரைவாசிப்பானுக்கு அவள் வைத்த பெயர். திரையில் இருப்பதை ஒன்றுவிடாமல் குரலாக்கிச் சொல்லும் மென்பொருள் அது. மூச்சு வாங்காது, வெட்கப்படாது, கூட்டியோ குறைத்தோ சொல்லத் தெரியாது. இறந்தவருக்கு அஞ்சலியையும் 'எங்களைத் தொடர்புகொள்ள' என்பதையும் ஒரே தொனியில் வாசிக்கும். அந்தக் குணத்துக்காகத்தான் அவளுக்கு அதைப் பிடிக்கும். மனிதர்கள் அவளிடம் பேசும்போது குரலில் ஒரு சொட்டு தேன் கலப்பார்கள். வாயாடி கலக்காது. இன்று அதே வாய், உப்புச் சப்பில்லாமல், அவளைப் பற்றியே சொல்லிவிட்டது.

இணையதளங்களைச் சோதித்துச் சொல்வது அவள் வேலை. கண் தெரியாதவர், காது கேளாதவர், கை நடுங்குபவர் என்று யார் வந்தாலும் ஒரு தளத்தைப் பிறர் தயவில்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்று பார்த்து, முடியாத இடங்களைப் பட்டியலிட்டுக் கொடுக்க வேண்டும். அவள் கையெழுத்துப் போட்டால்தான் தளம் திறக்கும். நகர நூலகத்தின் புதிய தளம் அவளிடம் வந்தபோது, "அங்க என் வீட்டுக்காரர் வேலை பாக்கறார், வேற யாருக்காவது குடுங்க" என்று தன் நிறுவனத்தில் சொல்லித்தான் பார்த்தாள். வேறு ஆளில்லை என்றார்கள். அதனால் மற்ற தளங்களைவிட இரண்டு மடங்கு கறாராகப் பார்ப்பதென்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு நாட்கள் வேடிக்கையாகவே போயின. தளத்தில் அறுநூற்றுச் சொச்சம் படங்கள். படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வரி எழுதி ஒளித்து வைக்க வேண்டும். பார்ப்பவர்கள் கண்ணில் அது படாது. திரைவாசிப்பான் மட்டும் எடுத்துச் சொல்லும். தளத்தைக் கட்டும் பையனுக்கு, வாக்கியத்துக்கு ஒருமுறை டெட்லைன் டெட்லைன் என்று சொல்வதால், நூலகத்தில் டெட்லைன் என்றே பெயர். அவன் எல்லாப் படங்களையும் ஒரு அட்டவணையில் அடுக்கி, 'படத்தில் என்ன இருக்கிறது' என்று தலைப்பிட்ட கட்டத்தைக் காலியாக விட்டு, பிரிவுக்கு இவ்வளவு என்று ஊழியர்களுக்குப் பிரித்து அனுப்பியிருந்தான். ஊழியர்கள் அலுவலக வழக்கப்படி நிரப்பியிருந்தார்கள். பதிவேட்டுப் பிரிவு அம்மாள் முதல் படத்துக்கு 'நூலகக் கட்டடம்' என்று எழுதிவிட்டு, அடுத்த எழுபத்தொரு படங்களுக்கும் 'மேற்படி' என்று போட்டிருந்தார். முப்பது வருடப் பதிவேட்டுப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? "படம். மேற்படி. படம். மேற்படி. படம். மேற்படி," என்று வாயாடி ரயில் ஓடுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனபோது அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். நன்கொடைப் பிரிவில் ஒருவர், 'இயக்குநர், வழக்கம்போல் நடுவில்' என்று ஒன்பது இடத்தில் எழுதியிருந்தார். யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியம். எல்லாவற்றையும், ஒரே மாதிரிப் பிழைகளை ஒரே எண்ணில் சேர்த்து, அறிக்கையில் ஏற்றினாள்: எந்தப் பக்கம், என்ன பிழை, யார் நிரப்பியது. பதிவேட்டு அம்மாள் பாவம்தான். ஆனால் வாசிக்க வரும் ஒரு மனிதனுக்கு எழுபத்தொரு மேற்படி என்பதும் பாவம்தானே.

மூன்றாம் நாள், நிகழ்வுகள் பக்கத்தில், தன் படத்தின்மேலேயே வந்து நின்றாள்.

அந்த வாசிப்பு நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. எட்டு மாதம் ஆகியிருக்கும். கூடத்தில் இருநூறு பேர் இருந்ததை நாற்காலிகள் நகரும் சத்தத்திலேயே அறிந்துகொண்டாள். அவளுக்கு முன்னால் வாசித்த இருவரும் எழுத்தாளர்கள்; தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கடகடவென்று வாசித்துவிட்டுப் போனார்கள். அவள் பிரெய்ல் புத்தகத்தை மேடையில் விரித்து, இடது கையால் வரியைப் பிடித்து, வலது கையால் படித்து, முகத்தைக் கூட்டத்தின் பக்கம் நிமிர்த்தியபடி நாற்பது நிமிடம் வாசித்தாள். குனிய வேண்டிய அவசியம் அவளுக்குத்தான் இல்லையே. கடைசி அத்தியாயத்தில் கூடம் இருமக்கூட மறந்திருந்தது. கணவர் பக்கத்தில் நின்றார் என்பது உண்மை. கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். அதன் மூடியைத் திறக்க முடியாமல், கடைசியில் அவள்தான் வாங்கித் திறந்து குடித்தாள்.

அந்தப் படத்தில் துணை. நெகிழ்ச்சி. வாழ்க்கை கொடுத்தவர்.

வாழ்க்கை கொடுத்தாராமே! வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறதென்று பதினோரு வருடமாகத் தெரியாத மனுஷன். குழாய் ரிப்பேர்க்காரரிடம் பேசுவது அவள், வரி கட்டுவது அவள், மாமியார் மருத்துவமனையில் கிடந்த இருபது நாளும் டாக்டரை விரட்டி விரட்டிக் கேள்வி கேட்டது அவள். அவர் கொடுத்த வாழ்க்கையை எந்த அலமாரியில் வைத்தார் என்று கேட்டால், அதையும் அவளேதான் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இது எவருடைய கைவரிசை என்று தெரிந்தாக வேண்டும். இயக்குநரின் உதவியாளராக இருக்கலாம். அந்தம்மாவுக்கு எல்லாமே நெகிழ்ச்சிதான். டெட்லைனுக்குப் போன் செய்தாள்.

"சொல்லுங்க மேடம், நாளைக்குப் பதினோரு மணிக்கு மீட்டிங், ரிப்போர்ட்டுக்கு டெட்லைன்..."

"நிகழ்வுகள் ஷீட்டை யார் நிரப்பினது?"

"ஒரு நிமிஷம்." தட்டும் சத்தம். "சார்தான் மேடம்."

"எந்த சார்?"

"உங்க சார் மேடம்." அவன் குரலில் ஒரு புன்னகை வந்தது. "நல்லா எழுதியிருப்பாரே? மூணு மாசம் முன்னாடியே முடிச்சுக் குடுத்துட்டார். இயக்குநர்கூடப் பக்கத்துல 'மனதைத் தொட்டது'ன்னு எழுதி ஓகே பண்ணியிருக்காங்க. எதாவது தப்பா?"

"தப்புதான். ரிப்போர்ட்ல வரும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்தபிறகு கொஞ்ச நேரம் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. மாடிப்படியில் இன்னொரு படி இருக்கிறதென்று காலை வைத்து, படி இல்லாமல் தரை வந்துவிட்டால் ஒரு நொடி உடம்பு திடுக்கிடுமே, அந்தத் திடுக்கிடல்தான் இருந்தது. ஏனென்றால் இதே சொல்லுக்காக ஒரு காலத்தில் சண்டை போட்டவர் அவர்.

அவள் அப்போது ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பாளராக இருந்தாள். அவருடைய அப்பா அங்கே படுத்திருந்தார். தினமும் மாலை அழைத்து வார்டுக்கு இணைப்புக் கேட்பார். அப்பா குணமாகி வீட்டுக்குப் போன பின்பும் அழைப்பு நிற்கவில்லை. "எந்த வார்டு சார்?" என்று கேட்டால், "வார்டு வேண்டாங்க, எக்ஸ்சேஞ்சே போதும்" என்பார். அந்தப் பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. சரி என்று சொல்ல அவள் ஒரு முழு வருடம் எடுத்துக்கொண்டாள். சரி என்றபோது அவருடைய அக்கா, "எங்க தம்பி பெரிய மனசுக்காரன், அந்தப் பொண்ணுக்கு வாழ்க்கை குடுக்கறான்" என்று உறவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "இன்னொரு தடவை அப்படிச் சொன்னே, வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று அக்காவிடம் சொல்லி, ஆறு மாதம் உண்மையிலேயே மிதிக்காமல் இருந்தவர் அவர்.

அந்த மனிதர் எப்போது காணாமல் போனார்? எந்தத் தேதியில்?

யோசித்தால் தேதி எதுவும் கிடைக்கவில்லை. பதினோரு வருடமாகக் கல்யாண வீடுகளிலும், அலுவலக விருந்துகளிலும், பேருந்துகளிலும் யாராவது ஒருவர் அவர் தோளைத் தட்டி, "உங்களை மாதிரி யாரு சார் செய்வா" என்று சொல்வது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. முதலில் அவர் மறுத்தார். பிறகு சிரித்து மழுப்பினார். பிறகு வெறுமனே சிரித்தார். இனிப்பைத் தினமும் ஒரு துளி நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் அது பிடித்துத்தானே போகும்.

ஒன்றரை மணிக்குக் கதவு திறந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். செருப்பைக் கழற்றிக்கொண்டே வழக்கமான பாட்டைப் பாடினார்.

"எக்ஸ்சேஞ்ச், லைன் கிடைக்குமா?"

'லைன் பிஸி, அப்புறம் கூப்பிடுங்க' என்பது வழக்கமான பதில். இன்று பதில் வரவில்லை. அவர் சமையலறை வாசலிலேயே நின்றார்.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"உக்காருங்க. ஒண்ணு கேளுங்க."

இயர்போனை உருவிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். வாயாடி வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லி முடித்தது. நெகிழ்ச்சியான காட்சி என்ற சொல்லுக்குப் பிறகு குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.

"ஓ," என்றார் அவர். "இது சத்தமா வேற சொல்லுமா?"

"இதுக்கு வேற எப்படிச் சொல்லத் தெரியும்?"

"இல்ல... அன்னிக்கு ஒரே நாள்ல நூத்திப் பத்துப் படத்துக்கு எழுதணும்னு டெட்லைன் உயிரை வாங்கிட்டான். அவசரத்துல..."

"அவசரத்துல எழுதினவங்க மேற்படின்னு எழுதியிருக்காங்க. நீங்க உக்காந்து யோசிச்சு எழுதியிருக்கீங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தட்டு நகர்ந்தது. யாரும் பரிமாறவில்லை.

"நான் தப்பா ஒண்ணும் எழுதலையே எக்ஸ்சேஞ்ச். உன்னைப் பத்திப் பெருமையாத்தானே..."

"என்னைப் பத்தியா? அதுல நான் எங்க இருக்கேன்? நாப்பது நிமிஷம் படிச்சேன். நான் படிச்சேன்னு அதுல ஒரு வார்த்தை இருக்கா? கையில புத்தகம் இருந்துதே, அது இருக்கா? நீங்க நிக்கறது இருக்கு. நீங்க குடுத்தது இருக்கு. வாங்கிக்கிட்டவளா ஒரு ஓரத்துல நான் இருக்கேன்."

"யாரும் படிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். கண்ணுக்கே தெரியாத எழுத்துதானே அது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அவள் விடுவதாக இல்லை.

"யாரும்னா யாரு? சொல்லுங்க. அந்த ஒரு வரி எங்களுக்காக மட்டும் எழுதறது. உலகத்துல இருக்கற மத்த எழுத்தெல்லாம் உங்களுக்கு. அது ஒண்ணுதான் எங்களுக்கு. உங்க நூலகத்துக்கு ஒரு பார்வையில்லாத பொண்ணு வரா, இருபது வயசு, படிக்கணும்னு ஆசைப்பட்டு வரா. அவ காதுல முதல்ல விழறது என்ன? உனக்கும் ஒருத்தர் வந்து வாழ்க்கை குடுப்பார், காத்துக்கிட்டு இருன்னா? இதைக் கண்ணு தெரியறவங்க பாக்கற இடத்துல, படத்துக்குக் கீழ எழுதியிருப்பீங்களா? அங்க என்ன எழுதியிருக்கீங்க தெரியுமா? 'வாசிப்பு நாள் நிகழ்ச்சி.' அவ்வளவுதான். அவங்களுக்கு மரியாதை. எங்களுக்குப் புண்ணியக் கதை."

அவர் மேசைமேல் எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சரி. தப்புதான். இப்பவே மாத்திடறேன். ஆனா... ரிப்போர்ட்ல அதைப் போட்டுட்டியா?"

"பதினேழாவது பிழை."

"பேரோடவா?"

"யார் நிரப்பினதுன்னு ஒரு கட்டம் இருக்கு. எல்லாருக்கும் பேர் இருக்கு."

"நாளைக்கு அதைப் பெரிய திரையில போட்டு வரிவரியாப் படிப்பாங்க. இயக்குநர், பிரிவு ஆளுங்க, எல்லாரும் இருப்பாங்க. நான் அவங்களுக்கெல்லாம் மேலதிகாரி." நாற்காலி கிறீச்சிட்டது. "அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடேன். மாத்தினதுக்கு அப்புறம் பிழையே இல்லையே? பிழை இல்லாததுக்கு எதுக்கு ரிப்போர்ட்?"

"அப்போ பதிவேட்டு அம்மாவோட எழுபத்தொண்ணையும் எடுத்துடவா? அவங்களும் மாத்தத்தானே போறாங்க."

"அவங்களும் நானும் ஒண்ணா?"

"இல்ல. அவங்க மேற்படின்னுதான் எழுதினாங்க."

"என் மானம் போறதைப் பத்தி உனக்குக் கவலையே இல்லையா?"

"உங்க மானம் நாளைக்குப் பதினோரு மணிக்குப் போகும். என்னுது அந்த ஷீட்ல மூணு மாசமாப் போயிட்டிருக்கு. மனதைத் தொட்டதுன்னு அதுக்கு ஓகே வேற."

அவர் எழுந்தார். வாசல் வரை நடக்கும் காலடி கேட்டது. போய்விடுவார் என்றே நினைத்தாள். போனால் போகட்டும் என்றுகூட நினைத்தாள். கோபத்தில் இவ்வளவு பயமும் கலந்திருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பதினோரு வருடத்தில் இந்த மனிதரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெளியே யார் என்ன சொன்னாலும் நீங்கள் அதைச் சொல்லக்கூடாது. அது உடைந்த பிறகு அறிக்கையில் ஒரு வரியை எடுத்தால் என்ன, விட்டால் என்ன? ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை. எடுத்தால் அதற்குப் பிறகு தன் கையெழுத்தை எந்தத் தளத்துக்குக் கீழே போட்டாலும் கை கூசும்.

காலடி திரும்பி வந்தது.

"அக்காவோட சண்டை போட்டேனே," என்றார், நின்றபடியே. "ஞாபகம் இருக்கா?"

"எனக்கு இருக்கு. உங்களுக்குத்தான் இருக்கான்னு கேக்கலாம்னு இருந்தேன்."

அவள் மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினாள்.

"பதினேழு அப்படியே இருக்கும். அதை எடுக்கச் சொல்லிக் கேக்காதீங்க. புது வரி எழுதறதுன்னா எழுதுங்க. கட்டத்தைத் திறந்து வச்சிருக்கேன். ஆனா படத்தைப் பாத்து எழுதுங்க. என்ன இருக்கோ அதை."

அவர் உட்கார்ந்து ஓர் எழுத்தைத் தட்டினார். "ஒ," என்றது வாயாடி. அவர் கையை வெடுக்கென்று எடுத்தார்.

"தட்டறதையெல்லாம் சொல்லுமா?"

"சொல்லும். அழிக்கறதையும் சொல்லும்."

"கொஞ்ச நேரம் நிறுத்தி வையேன்."

"நிறுத்த மாட்டேன்."

பெருமூச்சு. பிறகு தட்டத் தொடங்கினார், இரண்டு விரலால், நிறுத்தி நிறுத்தி. "ரு. இடைவெளி. பா. ர். வை." நின்றது. "வை அழிந்தது. ர் அழிந்தது. பா அழிந்தது." அவள் கன்னத்தில் கையை ஊன்றி, முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "பெ. ண். இடைவெளி." வெகுநேரம் எதுவும் வரவில்லை. "ம. னை. வி. வி அழிந்தது. னை அழிந்தது. ம அழிந்தது." நாற்காலி முன்னால் சாய்ந்தது. அவர் மூச்சு திரைக்கு மிக அருகில் போயிருந்தது. படத்தை இப்போதுதான் பார்க்கிறார் போலிருக்கிறது.

"நீ கூட்டத்தைப் பாத்துக்கிட்டு இருக்கே," என்றார் மெதுவாக, தனக்கே சொல்வதுபோல். "வாய் திறந்திருக்கு. எதிர்ல ஒருத்தர் கண்ணைத் துடைச்சுக்கறார். நான்... நான் பாட்டிலைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"மேடையில புத்தகம் விரிஞ்சு, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருக்கு. அட்டை தெரியுது." தயங்கினார். "அன்னிக்கு என்ன புத்தகம் படிச்சே? அந்தக் கடல் கதையா?"

"அது போன வருஷம்."

"அப்போ இது எது?"

"தலைமை நூலகர்தானே நீங்க. அட்டையில போட்டிருக்கும், பாருங்க."

படத்தைப் பெரிதாக்கினார், பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தும் சத்தம் கேட்டது. இன்னும் பெரிதாக்கினார்.

"எழுத்து ஒண்ணும் இல்லையே," என்றார். "வெறும் புள்ளிதான் இருக்கு."

அடுக்களை ஜன்னல் வழியாக வெயில் அவள் முழங்கையில் விழுந்து சுட்டது. தட்டுகள் காலியாகவே கிடந்தன. கட்டத்துக்குள் எதுவும் வரவில்லை என்பதால் வாயாடி பேசாமல் இருந்தது. பிறகு மிக மெல்லிய ஒரு சத்தம் வந்தது. அது என்னவென்று அறிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் தன் சுட்டுவிரலைத் திரையில் அந்தப் புள்ளிகளின்மேல் வைத்து, வழுவழுப்பான கண்ணாடியில், இடமிருந்து வலமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.